சிட்னியில் போக்குவரத்து: படிக்கப் போகிறவர் பார்வையில் ஒரு மதிப்புரை

சிட்னி நகரின் பொதுப் போக்குவரத்து நல்ல சேவை; ஆனால் வெளிநாட்டு மாணவரிடம் அதற்காக வாங்கப்படும் விலை நியாயமான விலையல்ல. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் அங்கே அறை எடுப்பவர், வாடகையில் மிச்சம் பிடித்த காசை ரயிலுக்குக் கொடுத்துவிடுவார். திருகோணமலையிலிருந்து பெப்ரவரி, ஜூலை மாதங்களில் தொடங்கும் படிப்புகளுக்குப் புறப்படும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி, அறை வாரத்துக்கு எவ்வளவு என்பதாகவே இருக்கிறது. அந்த அறை எந்த ரயில் பாதையில், நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடையில் இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதுகலைப் படிப்புக் காலத்தில் பெண்டில் ஹில்லில் குடியிருந்து, சிட்னிப் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள ரெட்ஃபர்ன் நிலையத்துக்குப் போய்வந்தவன் என்பதால், மேற்குப் புறநகர்களைப் பற்றி என்னால் துணிந்து பேச முடியும். வடக்குக் கடற்கரைப் பகுதிகளைப் பற்றி அவ்வளவு துணிவு இல்லை.

முதலில் ஓப்பல் அட்டை. ரயில், மெட்ரோ, பேருந்து, இலகு ரயில், படகு ஆகிய அனைத்துக்கும் இந்த ஒரே அட்டைதான். பழைய காகிதச் சீட்டுகள் 2016 ஆகஸ்ட் மாதத்துடன் நிறுத்தப்பட்டுவிட்டன; நடத்துநர் என்று ஒருவர் எங்கும் இல்லை. ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் அட்டையைக் கருவியில் தொட்டால், இடைப்பட்ட தூரத்துக்கான கட்டணம் கழிக்கப்படும். ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் 10, 20, 35, 65 கிலோமீற்றர் என்ற எல்லைகளைத் தாண்டும்போதும், பேருந்துக்கும் இலகு ரயிலுக்கும் 3, 8 கிலோமீற்றர் என்ற எல்லைகளைத் தாண்டும்போதும் கட்டணம் ஒவ்வொரு படியாக உயரும். அட்டை இலவசமாகவே கிடைக்கிறது; அதில் ஏற்றும் பணம் மட்டுமே செலவு. அட்டை இல்லாமலும், விசா அல்லது மாஸ்டர்கார்ட் வங்கி அட்டையையோ அது பதியப்பட்ட கைத்தொலைபேசியையோ தொட்டு, வளர்ந்தோருக்கான அதே கட்டணத்தில் பயணம் செய்யலாம். இலங்கை வங்கி ஒன்றின் அட்டையைப் பயன்படுத்துவோர், வெளிநாட்டுக் கொடுப்பனவுகளுக்கு அந்த வங்கி மேலதிகமாக என்ன அறவிடுகிறது என்பதைப் புறப்படுமுன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்த ஏற்பாட்டில் அறிந்திருக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. ஏறும்போது வங்கி அட்டையையும் இறங்கும்போது அதே அட்டை பதிந்த தொலைபேசியையும் தொட்டால், கருவி அவற்றை இரண்டு வேறு பயணிகளாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டு பயணங்களும் முடிவுறாதவையாகி, இரண்டுக்கும் உச்சக் கட்டணம் கழியும். இறங்கும்போது தொட மறப்பவருக்கும் இதே கதிதான். சிறிய புறநகர் நிலையங்கள் பலவற்றில் தடுப்புக் கதவுகள் கிடையாது, ஒரு கம்பத்தில் கருவி மட்டும் பொருத்தப்பட்டிருக்கும்; யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைக் கடந்துபோகிறவர் அடுத்த வண்டியில் பரிசோதகரிடம் அகப்பட்டால் தண்டம் 200 டொலர்.

இனி விலைக்கு வருவோம். நம் நாட்டில் பள்ளி மாணவரும் பல்கலைக்கழக மாணவரும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்துகளில் சலுகை விலைப் பருவச்சீட்டோடு போய்வருவது இயல்பான ஒன்று. மாணவர் அடையாள அட்டை கையில் இருந்தால் எங்கும் பாதிக் கட்டணம் என்ற எண்ணத்துடனேயே நாம் விமானம் ஏறுகிறோம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அந்தப் பாதிக் கட்டணம் உள்நாட்டு முழுநேர மாணவருக்கு உண்டு. முழுக் கல்விக் கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவருக்கு இல்லை. அவுஸ்திரேலிய அரசின் புலமைப்பரிசில் பெற்று வரும் சிலர் மட்டும் விதிவிலக்கு. ஒரே வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் செலுத்துவதைப்போல இரண்டு மடங்கை, அவரைவிடப் பல மடங்கு கல்விக் கட்டணம் செலுத்துபவர் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இன்றுவரை ஏற்கத்தக்க காரணம் எதையும் நான் கேட்டதில்லை. பிரிஸ்பேன் நகரில் 2024 ஆகஸ்ட் முதல் எல்லாருக்கும், எவ்வளவு தூரமானாலும், ஒரு பயணம் 50 சதம் என்பதை அறியும்போது இந்த வேறுபாடு இன்னும் உறுத்துகிறது. இரண்டு நகரங்களிலும் அனுமதி கிடைத்து எதைத் தேர்வதென்று தடுமாறுபவர், இந்தத் தொகையையும் கணக்கில் எழுதிப் பார்க்கட்டும்.

ஆனால் முழுக் கட்டணத்தையும் கட்டுப்படுத்தும் உச்சவரம்புகள் உண்டு; சிட்னியில் மாணவர் தாக்குப்பிடிப்பது அவற்றால்தான். திங்கள் தொடங்கி ஞாயிறு வரையான ஒரு வாரத்தில் வளர்ந்தவர் ஒருவரிடமிருந்து 50 டொலருக்கு மேல் அறவிடப்படுவதில்லை. திங்கள் முதல் வியாழன் வரை ஒரு நாளுக்கு ஏறக்குறைய 19 டொலரும், வெள்ளி, சனி, ஞாயிறு நாள்களில் அதில் பாதியும் நாளாந்த எல்லை. நெரிசல் நேரம் என்பது திங்கள் முதல் வியாழன் வரை காலை 6.30 முதல் 10 மணி வரையும் பிற்பகல் 3 முதல் 7 மணி வரையும். அந்த நேரங்களுக்கு வெளியே ஏறினால் ரயிலிலும் பேருந்திலும் 30 சதவீதக் கழிவு கிடைக்கும். வெள்ளிக்கிழமை முழுவதும் நெரிசலற்ற நேரமாகவே கணிக்கப்படுகிறது.

பெண்டில் ஹில்லுக்கும் ரெட்ஃபர்னுக்கும் இடையிலான தூரம் 20 முதல் 35 கிலோமீற்றர் வரையான படியில் விழுகிறது. நெரிசல் நேரத்தில் ஒரு வழிக்கு ஆறு டொலருக்குச் சற்று மேல். நான்கு வார நாள்கள் போய்வந்தாலே 50 டொலரை நெருங்கிவிடும் என்பதால், ஐந்தாம் நாள் பயணமும் வார இறுதிப் பயணங்களும் ஏறக்குறைய இலவசமாகிவிடுகின்றன. விரிவுரைகளை மூன்று நாள்களுக்குள் அடைத்துவிட்டால் பெருந்தொகை மிச்சமாகும் என்று கருதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று நாள் போகிறவருக்கும் ஐந்து நாள் போகிறவருக்கும் வாரச் செலவில் உள்ள வேறுபாடு பன்னிரண்டு டொலர் அளவுதான். அதைவிட நேரத்தைத் தள்ளிவைப்பதில் பலன் அதிகம். காலை 10 மணிக்குப் பின் ஏறி, நூலகத்தில் இருந்து படித்துவிட்டு மாலை 7 மணிக்குப் பின் திரும்பினால், அதே நான்கு நாள்களில் வாரத்துக்கு 14 டொலருக்குக் குறையாமல் மிஞ்சும். கட்டணங்கள் பொதுவாக ஜூலை மாதத்தில் மாற்றப்படுவதால், சதக் கணக்கைப் புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். கணக்கின் போக்கு மாறாது. மாணவர் விசாவில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் வேலை செய்ய அனுமதி இருப்பதால், விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் 6.30 மணிக்கு முன் அட்டையைத் தொடுவதும் இதே வகையில் உதவும்.

ஒரு வாகனத்திலிருந்து வேறு வகை வாகனத்துக்கு 60 நிமிடங்களுக்குள் மாறினால் 2 டொலர் கழிக்கப்படும் என்ற விதியை அங்கே வாழ்கிறவர்களே போதியளவு கணக்கில் எடுப்பதில்லை. மூன்று கிலோமீற்றருக்குட்பட்ட பேருந்துப் பயணம் மூன்று டொலருக்குச் சற்று மேல் என்றால், ரயிலுடன் அதைச் சேர்க்கும்போது மேலதிகச் செலவு ஒன்றேகால் டொலர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வார உச்சவரம்பைத் தொடுபவருக்கு அதுவும் இல்லை. ஆகவே நிலையத்திலிருந்து தள்ளி இருக்கும் அறை பணத்தால் பெரிய இழப்பை ஏற்படுத்துவதில்லை, நேரத்தால்தான் ஏற்படுத்துகிறது. இரவு ஒன்பது மணிக்குப் பின் புறநகர்ப் பேருந்துகள் அரை மணிக்கு ஒன்று, சில இடங்களில் ஒரு மணிக்கு ஒன்று என்று மெலிந்துவிடும். ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் இடையே மாறுவது ஒரே வகைப் பயணமாகக் கருதப்படுவதால் அங்கே இந்தக் கழிவு கிடையாது.

தமிழர் அதிகமாக வாழும் ஹோம்புஷ், வெஸ்ட்மீட், வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி ஆகிய இடங்கள் யாவும் ரயில் பாதையை ஒட்டியே அமைந்திருப்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. அரிசி மாவும் மாசிக் கருவாடும் வாங்குவதற்கும், மேய்ஸ் ஹில்லில் உள்ள சிட்னி முருகன் கோயிலுக்குப் போவதற்கும் தனியாகக் கார் தேவைப்படுவதில்லை. ஹோம்புஷ் நகருக்கு நெருக்கம், ஆனால் வாடகை கூடியது. மேற்கே போகப் போக வாடகை இறங்கும், பயண நேரம் ஏறும். பெண்டில் ஹில்லிலிருந்து ரெட்ஃபர்ன் முக்கால் மணி நேரத்தை அண்டிய பயணம். சிட்னிப் பல்கலைக்கழகத்துக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் ரெட்ஃபர்ன், சென்ட்ரல் நிலையங்களிலிருந்து நடந்தே போகலாம் என்பதால், மேற்குப் புறநகர்களை நகருடன் இணைக்கும் டி1 ரயில் பாதையில் எங்கே குடியிருந்தாலும் சமாளிக்கலாம். கென்சிங்டனில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர் சென்ட்ரலில் இறங்கி எல்2 இலகு ரயிலில் ஏற வேண்டும். அதற்குரிய மேலதிக நேரத்தை ஒவ்வொரு நாளும் இரு முறை கொடுப்பதா, கிழக்குப் பக்கத்தில் கூடிய வாடகை கொடுப்பதா என்று யோசிக்கத்தான் வேண்டும். மக்குவாரி பல்கலைக்கழகத்தில் அனுமதி பெற்றவர் மேற்கில் அறை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வரைபடத்தில் பக்கம் போலத் தெரிந்தாலும் ரயிலில் ஸ்ட்ரத்ஃபீல்டுக்கு வந்து, எப்பிங்குக்கு மாறி, அங்கிருந்து மெட்ரோ பிடிக்கும் வழி, கிணற்றடிக்குப் போக ஊரைச் சுற்றுவது போன்றது. எப்பிங்கிலேயோ ஈஸ்ட்வூட்டிலேயோ தேடுவது மேல். மேற்குச் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பரமட்டா வளாகத்துக்கோ, 2024 டிசம்பரில் வெஸ்ட்மீட்டுக்கும் கார்லிங்ஃபோர்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய எல்4 இலகு ரயில் யல்லமுண்டி என்ற தரிப்பிடத்தில் நேராகவே கொண்டுபோய் விடுகிறது.

மேற்குப் பாதையில் புதிதாகப் பயணம் செய்பவரைக் குழப்புவது, ஒரே மேடையில் அடுத்தடுத்து வரும் வண்டிகள் ஒரே இடங்களில் நில்லாமைதான். சென்ட்ரலிலும் டவுன் ஹோலிலும் மேடைத் திரையில் கடைசி நிலையத்தின் பெயரை மட்டும் பார்த்து ஏறக் கூடாது. அதன் கீழே ஓடும் தரிப்புப் பட்டியலில் தமது நிலையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரமட்டாவுக்கு அப்பால் விரைவு வண்டிகள் சிறிய நிலையங்களைத் தாண்டிப் பறந்துவிடும். அந்தத் திரைகள் தெளிவானவை, அறிவிப்புகளும் காதில் விழும்படி இருக்கும். ரயில்கள் இரட்டைத்தட்டு என்பதால் மேல் தட்டில் அல்லது கீழ்த் தட்டில் இருக்கை கிடைத்துவிட்டால் முக்கால் மணி நேரத்தில் ஒரு கட்டுரையை வாசித்து முடிக்கலாம். படிப்பவருக்கு இதைவிட நல்ல வாசிப்பறை நகரில் அதிகம் இல்லை என்பேன்.

மெட்ரோ இன்னொரு தரம். 2019 மே மாதத்தில் டல்லவொங்கிலிருந்து சாட்ஸ்வூட் வரை தொடங்கி, 2024 ஆகஸ்ட் 19 அன்று துறைமுகத்தின் அடியால் நகருக்குள் நுழைந்து சிடென்ஹாம் வரை நீண்ட இந்தப் பாதையில் சாரதியே இல்லை. நெரிசல் நேரத்தில் நான்கு நிமிடத்துக்கு ஒரு வண்டி. மேடையின் விளிம்பில் கண்ணாடிக் கதவுகள். நேரஅட்டவணை பார்க்கும் பழக்கமே இங்கே தேவையில்லை.

விமான நிலையத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எச்சரிக்க வேண்டும். சர்வதேச முனையத்தின் கீழேயே ரயில் நிலையம் இருக்கிறது. சென்ட்ரலுக்குச் சில நிறுத்தங்கள்தான். ஆனால் அந்த நிலையத்தைப் பயன்படுத்துவதற்கென்றே வழக்கமான பயணக் கட்டணத்துக்கு மேல் 17 டொலரை அண்டிய நுழைவுக் கட்டணம் அறவிடப்படுகிறது, அது மேலே சொன்ன எந்த உச்சவரம்புக்குள்ளும் அடங்குவதில்லை. உள்நாட்டு முனைய நிலையத்தைத் தாண்டி வரும் மாஸ்கொட்டில் இந்தக் கட்டணம் 2011 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. முனையத்துக்கு வெளியே 420 ஆம் இலக்கப் பேருந்தைப் பிடித்து மாஸ்கொட் நிலையத்தில் இறங்கி ரயில் ஏறினால், சாதாரணக் கட்டணத்துடன் நகரை அடையலாம். ஒரு தோள்பையோடு வருபவருக்கு இது மிக நல்ல வழி. அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் சேர்த்து 30 கிலோப் பெட்டியோடு, இரவு முழுதும் விழித்திருந்து வந்திறங்குபவர் முதல் நாளில் இந்தச் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் ஒன்றாக வந்தால் வாடகைக் கார் எடுத்துப் பங்கிடுவதே மலிவாகவும் முடியும்.

பேருந்துதான் இந்தச் சேவையின் பலவீனமான அங்கம். நம் ஊர்ப் பேருந்தைப்போல இடையில் எங்கும் நில்லாது, தரிப்பிடத்தில் நிற்பவர் கையை நீட்டினால்தான் நிற்கும், இறங்குபவர் பொத்தானை அழுத்த வேண்டும். இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது நெரிசல் வீதிகளில் அது படும் தாமதம். தொலைபேசிச் செயலியில் பேருந்து இப்போது எங்கே நிற்கிறது என்பதை நேரடியாகப் பார்க்க முடிவதால், தாமதத்தைத் தவிர்க்க முடியாவிட்டாலும் வெயிலில் காத்து நிற்பதைத் தவிர்க்கலாம். டிரிப்வியூ என்ற செயலியை மாணவர் பெரும்பாலும் வைத்திருப்பர். இறங்கும்போது சாரதிக்குச் சத்தமாக நன்றி சொல்லிவிட்டுப் போவது அங்குள்ள வழக்கம். கண்டி வீதியில் சாரதியோடு சண்டை பிடித்தே இறங்கிப் பழகியவருக்கு இது முதலில் வியப்பாகவே இருக்கும்.

வார இறுதிகளில் தண்டவாளத் திருத்த வேலைக்காகப் பாதையின் ஒரு பகுதி மூடப்பட்டு, ரயிலுக்குப் பதிலாகப் பேருந்துகள் விடப்படுவது சிட்னியில் மிகச் சாதாரணம். இது முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது என்றாலும், சனி, ஞாயிறு வேலைக்குப் போகும் மாணவரே இதனால் அதிகம் அடிபடுகிறார். வெள்ளி இரவிலேயே மறுநாள் பாதையைச் செயலியில் பார்த்துவிட்டுப் படுப்பது நல்லது. நள்ளிரவுக்குப் பின் ரயில்கள் ஓய்ந்ததும் நைட்ரைட் என்ற இரவுப் பேருந்துகள் டவுன் ஹோலிலிருந்து புறநகர்களுக்குப் புறப்படுகின்றன. உணவகத்தில் வேலை முடிந்து பின்னிரவில் வீடு திரும்பும் பெண் பிள்ளைகளும் அவற்றில் வருவதைக் கண்டிருக்கிறேன். வண்டியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, இறங்கிய பின் நடக்க வேண்டிய தூரம்தான் கேள்வி. அறை தேடும்போதே அந்த நடையை இரவில் ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்வேன்.

திருகோணமலையில் வளர்ந்தவருக்குச் சிட்னியின் படகுகள் உடனே பிடித்துப்போகும். எதிர்க்கரை கண்ணெதிரே தெரிந்தும் வீதியால் சுற்றினால் நெடுந்தூரம் என்ற நிலவியல் நமக்குப் புதிதல்ல. பாலங்கள் வருமுன்னர் மூதூருக்குப் போக நாம் நம்பியிருந்ததும் படகைத்தான். சேர்க்குலர் கீயிலிருந்து மான்லிக்கு அரை மணி நேரப் பயணம், பாலத்தையும் இசையரங்கையும் பின்னால் விட்டுத் துறைமுக வாயைக் குறுக்கே கடந்து போகிறது. சுற்றுலாப் படகுகள் இதே காட்சிக்குப் பல மடங்கு கேட்கும். இங்கே ஓப்பல் அட்டை போதும். வார நாளில் கட்டணம் கையைக் கடிக்கும் என்பதால் வெள்ளி, சனி, ஞாயிறு நாள்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். போகும் வழியிலேயே நாளாந்த எல்லை பெரும்பாலும் நிறைந்துவிடும், அதன் பின் அன்று முழுவதும் எங்கே அலைந்தாலும் செலவு சில சதங்கள்தான். இதே எல்லைக்குள் சென்ட்ரலிலிருந்து இரண்டு மணி நேரத்தில் நீலமலையின் கட்டூம்பாவுக்கும், இன்னும் தொலைவில் நியூகாசிலுக்கும் போய்வரலாம். பத்து டொலருக்குள் இவ்வளவு தூரம் போக விடும் நகரம் வேறு இருந்தால் எனக்குத் தெரியாது.

கார் வாங்கும் ஆசை இரண்டாம் அரையாண்டில் பலருக்கு வரும். இடப்பக்க ஓட்டம் நமக்குப் பழகியதே. ஆனால் ஆறு மாதங்களுக்கு மேல் தங்குபவர் அந்த மாநிலத்தின் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மாற வேண்டும் என்ற விதி 2023 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது, இலங்கை அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் அதற்காக அறிவுப் பரீட்சைக்கும் ஓட்டப் பரீட்சைக்கும் தோற்ற வேண்டும். அத்துடன் பதிவு, காப்புறுதி, சுங்க வீதிக் கட்டணம், பல்கலைக்கழக வாகனத் தரிப்புக் கட்டணம் என்று வரிசையாக வரும். ரயில் எட்டாத பண்டகசாலைகளில் இரவு வேலை செய்யும் மூன்று நான்கு பேர் சேர்ந்து பழைய கார் ஒன்றை வைத்திருப்பதில் மட்டுமே நியாயம் இருக்கிறது. மற்றவர்களுக்குச் சைக்கிள் போதும். அறைக்கும் நிலையத்துக்கும் இடையிலான அந்த மெலிந்த பேருந்துச் சேவையை அது ஈடுசெய்துவிடும், ரயிலில் அதை ஏற்றத் தனிக் கட்டணமும் இல்லை. தலைக்கவசம் மட்டும் சட்டப்படி கட்டாயம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெறுந்தலையோடு மிதித்துப் பழகியவர்கள், பழைய சைக்கிளுக்கு விலை பேசும்போதே தலைக்கவசத்தையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும்.